ஒரே தேர்வா, ஆண்டு முழுதும் மதிப்பீடா?

ஓராண்டுப் படிப்பை மூன்று மணி நேரத்தில் அளக்கும் பொதுத்தேர்வுக்கும், 2012-13இல் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை வந்த முப்பருவ முறையின் தொடர் மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாடு, நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பகுதிப் பள்ளிகளில் சமவெளியைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. தென்மேற்குப் பருவமழையில் விடுமுறைகள் அடுத்தடுத்து வர, யானை நடமாடும் தேயிலைத் தோட்டப் பாதையில் நடந்து வரும் பிள்ளை இழந்த பாடவேளைகளை வினாத்தாள் கணக்கில் கொள்வதில்லை. ஆயினும், எழுதியவர் தோட்டத் தொழிலாளியின் மகளா, மேலாளரின் மகனா என்பது விடைத்தாளைத் திருத்துபவருக்குத் தெரியாது. இந்த முகமறியா நீதியை எளிதில் கைவிடக் கூடாது.

பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் தேர்வாக நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்ணைப் பிரித்த தொடர் முறை செயல்பாட்டுக்கும் இடம் தந்தது; ஆனால், ஓரிரு ஆசிரியரே எல்லா வகுப்புகளையும் பார்க்கும் மலைப்பள்ளியில் அது பதிவேடு நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிடும். (செயல்திட்டத்தைக் கடையில் வாங்கி ஒப்படைத்த கதை யாருக்குத்தான் தெரியாது?)

2020இல் பெருந்தொற்றால் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடும் தந்தார்கள். வருகையையே திறனாகக் கொண்டால், மழையில் சிக்கிய பிள்ளைதான் மறுபடியும் இழக்கும். 2025ஆம் ஆண்டின் மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது சரியே. பத்தாம் வகுப்பில், மலைப்பள்ளிகளுக்குப் போதிய ஆசிரியர்கள் வரும்வரை, பொதுத்தேர்வே எனக்கு ஏற்புடையது.