மெர்பாவ் மேசையும் பால் மர நாற்காலியும்: பத்து வருடப் புழக்கத்துக்குப் பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. உப்பு ஜாடி எப்போதும் நீர் விட்டுக்கொண்டிருக்கும் ஊர். பத்து வருடத்துக்கு மேலாக இங்கே நான்கு வகை மரச் சாமான்கள் புழங்குகின்றன: மெர்பாவ் சாப்பாட்டு மேசை, ரப்பர் மர (எங்கள் பேச்சில் பால் மரம்) நாற்காலிகள், நியாத்தோ மர அலமாரி, வாசலில் செங்கால் மரப் பெஞ்சு.

மேசையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-ல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது மெர்பாவ்தான். வாங்கும்போது மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தது, இப்போது செம்பழுப்பு. குனிந்து பார்த்தால் ரேகைக்குள் மஞ்சள் தூள் தெரியும். அழுக்கென்று தேய்க்காதீர்கள், மரத்தின் துளைகளில் இயற்கையாகவே படிந்திருப்பது அது. எத்தனை மழைக்காலம் வந்தாலும் பலகை நெளியவில்லை, இடுக்கு விடவில்லை. ஆனால் இரும்புக்கும் இதற்கும் ஆகாது. ஈரத் தோசைக்கல்லைக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், மை கொட்டியதுபோல் கறுப்பு வட்டம் விழும். மரத்திலுள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வரும் கறை. ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவினால் பெரும்பாலும் போய்விடும், அப்புறம் அந்த இடத்துக்கு மறுபடி வார்னிஷ் அடிக்க வேண்டும். புது மெர்பாவை மழை படும் இடத்தில் போட்டாலும் தொல்லைதான். பழுப்புச் சாயம் இறங்கிச் சிமெண்டுத் தரை கறையாகும்.

நாற்காலிகளைப் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "பால் மரத்துல நாற்காலியா? அது அடுப்புக் கட்டையாச்சேப்பா" என்றார் பெரியப்பா. ஆயுள் முழுக்கப் பால் வெட்டியவர், அவர் பார்த்த காலத்துக்கு அது சரி. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்டால் சீக்கிரமே நீலப் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான் அது தளவாட மரமானது. இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை மறுநடவுக்காக எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். காட்டில் கை வைக்கத் தேவையில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இத்தனை வருடத்தில் ஒரு நாற்காலியிலும் மூட்டு ஆடவில்லை. குறை கால்களின் அடியில்தான். வார்னிஷ் படாத வெட்டு முகத்தில் தரை துடைக்கும் தண்ணீர் ஏறி, ஒரு விரல் உயரத்துக்குக் கறுத்துவிட்டது. உரசிக் காயவைத்து, அடியில் வார்னிஷ் பூசி, ரப்பர் குல்லா மாட்டினோம். (ரப்பர் மரத்துக்கு ரப்பர் குல்லா, பெரியப்பா சிரித்தார்.) போரான் தண்ணீரில் கரையக்கூடியது. அதனால் இந்த மரத்தை வாசலில் போடவே கூடாது.

நியாத்தோ அலமாரி பார்க்க அழகு, இளஞ்சிவப்பு. மழைக்காலத்தில் இழுப்பறை இறுகும், மெழுகு தேய்த்தால் சரியாகிவிடும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

செங்கால் பெஞ்சு வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் நிறமாகிவிட்டது, மேலே மயிரிழை வெடிப்புகள் உண்டு. உறுதி மட்டும் குறையவில்லை. அதன் ஊசித் துளைகளைப் பார்த்து, "பூச்சி அரிச்சிருக்கே" என்று வருபவர்கள் பயப்படுவார்கள். செங்காலில் அது சாதாரணம், பச்சை மரமாக இருந்தபோதே விழுந்த துளைகள். துளைக்குக் கீழே புது மாவு உதிர்கிறதா என்று பாருங்கள். உதிராவிட்டால் கவலையில்லை.

விலைக்குத் தகுந்த பலன் என்று கேட்டால் நாற்காலிகளுக்குத்தான் என் ஓட்டு. மேசை இரண்டாவது. செங்கால் தீபகற்ப மலேசியாவிலும் தென் தாய்லாந்திலும்தான் வளர்கிறது, விலையும் எக்கச்சக்கம். வீட்டுக்குள் போட அது தேவையே இல்லை. வாசலுக்கு வேண்டுமென்றால் இடித்த வீட்டுப் பலகையாகத் தேடுங்கள், கையோடு ஒரு காந்தமும் எடுத்துப் போங்கள். உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணியில் பட்டு ரம்பம் போனால் ஆசாரி அதற்கும் சேர்த்துக் காசு கேட்பார்.