மருந்து ஏறிய மறுநாள்: கெட்டமைன் தெரபி பற்றி ஒரு மதிப்பீடு

மனச்சோர்வுக்கு எடுத்த எஸ்சிட்டலோபிராம் மாத்திரை எனக்குக் கேட்கவில்லை. வென்லாஃபாக்சின் கொஞ்ச காலம் தாங்கியது. அதோடு லித்தியம் சேர்த்தபோது கை நடுக்கம்தான் மிச்சம். குறைந்தது இரண்டு மாத்திரைகளைச் சரியான அளவில், போதுமான வாரங்கள் எடுத்தும் தேறாவிட்டால், அதைச் ‘சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு’ என்று வகைப்படுத்துகிறார்கள். நான் அந்த வகைக்குள் வந்த பிறகுதான் என் மனநல மருத்துவர் கெட்டமைன் பேச்சை எடுத்தார். கரண்ட் வைக்கும் இ.சி.டி. சிகிச்சையையும் கூடவே சொன்னார். மனப்பிறழ்வு அறிகுறிகள் இல்லாத நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான பெரிய ஆய்வில் கெட்டமைன் எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்கும், இ.சி.டி. எடுத்தவர்களில் 41 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது. அதைக் காட்டி, முடிவை என்னிடம் விட்டார்.

டிரிப் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடும் கிளினிக்குகளும் உண்டு. நான் தேர்ந்தெடுத்தது மருத்துவர், நர்ஸ், தெரபிஸ்ட் மூவரும் சேர்ந்து நடத்தும் சிகிச்சை. என் கருத்தை முதலிலேயே சொல்கிறேன். அங்கே எனக்கு அதிகம் பயன்பட்டது மருந்து ஏறிய மணி நேரம் அல்ல, மறுநாள் தெரபிஸ்டுடன் உட்கார்ந்து பேசிய மணி நேரம்.

கெட்டமைன் புது மருந்து இல்லை. பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்துக்காக வேதியியலாளர் கால்வின் ஸ்டீவன்ஸ் 1962இல் தயாரித்த மயக்க மருந்து இது. 1970இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது, உலகம் முழுக்க அறுவை அரங்குகளில் இன்றும் ஓடுகிறது. மனச்சோர்வுக்குக் கொடுப்பது அதைவிடக் குறைந்த அளவு: வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், நரம்பு வழியாக 40 நிமிடங்களில் மெதுவாக. இந்த அளவைத்தான் 2000இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு பத்துக்கும் குறைவான நோயாளிகளிடம் சோதித்தது. 2006இல் அமெரிக்க ஆய்வாளர் சராத்தேயின் குழு நடத்திய ஆய்வில் ஒரே டோஸில், ஒரு நாளைக்குள் 71 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஒரு வாரம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்தது 35 சதவீதம் பேருக்கு. இந்த இரண்டாவது எண்ணை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. இந்த மருந்தைப் பற்றி நோயாளிக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான் என்பேன்.

முதல் சந்திப்பில் மருந்தே தரவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உண்டா, ரத்தக்குழாயில் வீக்கம் உண்டா, இதயக் கோளாறு உண்டா, எனக்கோ குடும்பத்திலோ மனப்பிறழ்வு இருந்ததா, குடிப்பழக்கம் எப்படி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்குக் காரணமும் சொன்னார்கள்: அதிக அளவில், நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு கெட்டமைன் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். போதைக்காக எடுப்பவர்கள் உள்ள மருந்து இது என்பதையும் மறைக்கவில்லை. தெரபிஸ்ட் தனியாக உட்கார்ந்து என் கதையைக் கேட்டார். “அன்னைக்கு எதையும் கண்டுபிடிக்கணும்னு இல்லம்மா, வர்றதைப் பாருங்க, போதும்” என்றார்.

மருந்து நாள் இப்படி இருக்கும். பல மணி நேரம் வெறும் வயிறு. சாய்வு நாற்காலி, கண்ணுக்குத் துணிப்பட்டை, பாட்டு வரிகள் இல்லாத இசை, கையில் பி.பி. பட்டை. அது குறிப்பிட்ட இடைவெளியில் இறுகித் தளர்வது மட்டும்தான் நான் எங்கே இருக்கிறேன் என்பதை நினைவுபடுத்தும். சில நிமிடங்களில் உதடு மரத்துப்போகும். கை கால் எங்கே முடிகிறது என்று தெரியாது. அதற்கப்புறம் நடப்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. எனக்குப் பெரிய காட்சிகள் எதுவும் வரவில்லை. ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்ற நினைப்பு வருஷக்கணக்காக என்னோடு இருந்தது. மருந்தில் அது யாரோ பக்கத்து அறையில் வாசிக்கும் வாக்கியம் மாதிரி கேட்டது. அர்த்தம் புரிந்தது, வலிக்கவில்லை. முடிந்த பிறகு குமட்டல், தலைசுற்றல். ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்வரை விடவில்லை. மறுநாள் வரை வண்டி ஓட்டக் கூடாது என்பதால் தம்பி வந்து கூட்டிப்போனான்.

மறுநாள் தெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி: “அந்த வாக்கியம் யார் குரல்ல கேட்டுச்சு?”

அப்பா குரலில். படுத்த படுக்கையாக இருந்த கடைசி வருஷங்களில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அது. அவரைக் கவனித்தது நான்தான். தெரபிஸ்ட் விளக்கம் எதுவும் தரவில்லை. “அப்பா உங்களுக்குப் பாரமா இருந்தாரா?” என்று மட்டும் கேட்டார். “இல்லவே இல்ல” என்று யோசிக்காமல் வாயிலிருந்து வந்தது. அதற்கப்புறம் நெடுநேரம் அழுதேன். இதே விஷயத்தை இதற்கு முன் கவுன்சலிங்கிலும் பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம் தொண்டையைத் தாண்டி எதுவும் இறங்காது. இந்த முறை இறங்கியது.

இதற்கு மூளை அளவில் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். நரம்பு செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை கெட்டமைன் அடைக்கிறது. அதன் தொடர்ச்சியாக நரம்பு செல்களுக்கு இடையே புது இணைப்புகள் வளர்கின்றன. இதைப் பெரும்பாலும் விலங்குகளிடம் பார்த்திருக்கிறார்கள். அப்படி இளகியிருக்கும் நாட்களில் பேசினால் பதியும் என்பது இந்த முறையின் நம்பிக்கை. ரஷ்யாவில் மனநல மருத்துவர் க்ருபிட்ஸ்கி குடிநோயாளிகளிடம் எண்பதுகளிலிருந்தே இந்த வழியில் போனவர். ஆனாலும் வலுவான ஆதாரம் எல்லாம் மருந்துக்குத்தான். பேச்சு எவ்வளவு சேர்க்கிறது என்று பார்த்த ஆய்வுகள் சிறியவை. நான் சொல்வது என் அனுபவம். அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சிலிருந்து சின்னச் சின்ன வேலைகளும் வரும். பிரிக்காமல் டிராயரில் குவிந்திருந்த கடிதங்களில் ஒன்றை எடுத்துப் பிரிப்பது எனக்குத் தந்த வேலை. பிரித்தேன். அந்த வாரமே தம்பி, “அக்கா, ரெண்டாவது ரிங்லயே எடுத்துட்டியே!” என்றான். ஃபோன் அடித்தால் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டவள் நான்.

பதற்றத்தில் மாற்றம் அவ்வளவு இல்லை. நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் தணிந்தது, போகவில்லை. பதற்ற நோய்க்கு ஆய்வுகளும் குறைவு. பதற்றத்துக்காக மட்டும் இதைத் தேடிப் போகிறவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

குறைகள் சில உண்டு. மருந்து தெளியும் அறைக்கு வெளியே வரவேற்பு மேஜை. அந்த நிலையில் ஒரு மனிதருக்கு ஒவ்வொரு குரலும் உள்ளே வந்து விழும், அங்கே பில் தொகையைச் சத்தமாகச் சொல்கிறார்கள். இது கவனிக்க முடியாத விஷயம் அல்ல. அடுத்தது, பலன் மங்கும் என்பதை வாயால் சொன்னவர்கள் சம்மதப் படிவத்தில் எழுதவில்லை. எனக்கும் மங்கியது. நடுவில் டோஸ் திரும்பத் தேவைப்பட்டது, மாத்திரையும் நிற்கவில்லை. செலவு அதிகம்.

நரம்பு வழி கெட்டமைன் மனச்சோர்வுக்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்து அல்ல. மருத்துவரின் பொறுப்பில் கொடுப்பது. அனுமதி உள்ளது கெட்டமைனின் ஒரு வடிவமான எஸ்கெட்டமைன் மூக்கு ஸ்ப்ரேவுக்கு. அமெரிக்காவில் 2019இல் வந்தது. அதையும் மருத்துவ இடத்தில்தான் எடுக்க வேண்டும், குறைந்தது 2 மணி நேரம் கண்காணிப்பு கட்டாயம். வீட்டுக்கு அனுப்பும் கெட்டமைன் மாத்திரைகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 அக்டோபரில் எச்சரித்தது. சுவாசம் குறைந்தால், அழுத்தம் ஏறினால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? மலிவு என்று யாராவது சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மாத்திரைகள் பலன் தராமல் போய், உடல் தகுதியும் இருந்தால் உங்கள் மனநல மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். போகும் இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மருந்து ஏறும்போது அறையில் யார் இருப்பார்கள், பலன் மங்கினால் என்ன செய்வீர்கள், தெரபிஸ்டை அடுத்து எப்போது பார்க்கலாம். மூன்றாவது கேள்விக்கு ஓரிரு நாளுக்குள் என்ற பதில் வராவிட்டால் நான் வேறு இடம் பார்ப்பேன்.