நாட்டுக்குள் இருக்கிறது, சரி, எந்தக் கட்டடத்தில்?

சுன்னாகத்தில் மருத்துவ ஆய்வுகூடம் நடத்தும் நண்பர் போன கிழமை கேட்டார்: "நீங்கள் பாவிக்கிற உள்ளூர் கிளவுட் எப்பிடி? நானும் மாறட்டோ?" வட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது. கொம்பனியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

எங்களுடையது யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு சிறிய கணக்கியல் அலுவலகம். கடைகள், ஒன்றிரண்டு தொண்டு நிறுவனங்கள். அவர்களுடைய சம்பளப் பட்டியல், சேமலாப நிதி விபரம், வற் கணக்கு எல்லாம் முன்பு சிங்கப்பூர் சேர்வரில் கிடந்தன. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 வரை ஏறியது. பாவனை கொஞ்சமும் கூடாமலே பில் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கொழும்பில் தரவு மையம் வைத்திருக்கும் உள்ளூர் கிளவுட் சேவைக்கு நாங்கள் மாறியது இதனால்தான். சட்டமெல்லாம் அப்புறம் வந்த கதை.

அந்தச் சட்டத்தைப் பற்றி விற்க வருகிறவர்கள் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது, நாட்டுக்குள்ளேயே கையாளவேண்டும் என்று கட்டிப்போட்டது அரச நிறுவனங்களைத்தான். அன்றைய வாசகப்படி தனியார் வெளிநாட்டில் வைக்கலாம். அந்த நாட்டின் பாதுகாப்புப் போதும் என்று அமைச்சர் தீர்மானித்திருக்கவேண்டும், அல்லது உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளை நாமே செய்துகொள்ளவேண்டும். முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரும் என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் என்பது உண்மை. அந்த ஒரு கோடியைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு மற்றதை விழுங்கிவிடுகிறார்கள்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பில் ரூபாயில் வருகிறது, மாதாமாதம் அதே தொகை. வற் பற்றுச்சீட்டு ஒழுங்காக வருகிறது. பெரிய எக்செல் கோப்பைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போகவேண்டியதில்லை, கிளிக் பண்ணியதும் திறந்து நிற்கிறது. ஃபோனில் தமிழில் பேச ஆள் உண்டு, பொறுமையான பிள்ளைகள். கடந்த வருடம் எங்கள் ஆட்கள் ஒரு கடையின் சம்பளக் கோப்பு முழுவதற்கும் மேலால் பழையதைச் சேமித்துவிட்டார்கள். கொம்பனிக்காரர் அன்று மாலைக்குள் மீட்டுத் தந்தார்கள்.

என் கோபம் ஒரு கடிதத்தில். தொண்டு நிறுவனம் ஒன்றின் கணக்காய்வாளர், "தரவும் அதன் பிரதியும் எங்கே இருக்கின்றன என்று எழுத்தில் வேண்டும்" என்றார். நியாயமான கேள்வி. நாட்டுக்குள் வைத்திருக்கிறோம் என்று சொல்லித்தானே விற்றார்கள்? கொம்பனிக்கு ரிக்கற் (எழுத்து மூல முறைப்பாடு) போட்டேன். "உங்கள் தரவு பாதுகாப்பாக உள்ளது" என்று வந்தது. திரும்பப் போட்டேன், அதே வசனம், கீழே வேறு பெயர். கடைசியில் ஃபோன் எடுத்தேன்.

"அண்ணை, பக்கப் கொப்பி பத்திரமா இருக்கு."

"எங்கை தம்பி இருக்கு?"

"எங்கடை சிஸ்ரத்திலை."

"சிஸ்ரம் எந்த ஊரிலை?"

பெடியன் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். பல மாதம் இழுத்து, மேலிடம் ஒருவழியாக எழுதியது: தரவும் அதன் பிரதியும் கொழும்பில், ஒரே கட்டடத்தில். காணி உறுதியையும் அதன் போட்டோக்கொப்பியையும் ஒரே அலுமாரியில் வைத்துப் பூட்டிய மாதிரி. இரண்டாவது இடம் வேண்டுமென்றால் தனிக் கட்டணமாம்.

இது வெறும் பயமில்லை. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் சொந்தக் கிளவுட்டைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. பக்கப்பும் சேர்ந்தே பூட்டுப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. தென் கொரியாவில் 2025 செப்ரெம்பரில் டேஜோன் தரவு மையம் எரிந்தது. அரச ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற அரச சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. வெளியில் பிரதி இல்லை. இரண்டிலும் தரவு நாட்டை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எல்லாவற்றையும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்குகிறோம். அது கோப்பாயில் பங்குதாரர் வீட்டுக்குப் போகும். கிளவுட்டுக்குக் காசு கட்டிக்கொண்டு இதையும் செய்வதுதான் எரிச்சல்.

ஆகவே நண்பரே, உங்களுக்கு வேண்டாம். உங்களிடம் இருப்பது ஆட்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகள். உடல்நலத் தரவைச் சட்டம் விசேட வகையில் வைத்திருக்கிறது. எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒரு நாளில் எழுதித் தருகிறவனிடம் போங்கள், அவன் சென்னையில் வைத்திருந்தாலும் பரவாயில்லை. நான் இவர்களிடமே இன்னொரு வருடத்துக்குக் கட்டிவிட்டேன். டொலர் பில்லை இன்னொருதரம் திறந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை.