மர டெக் கட்டி ஏழு பனிக்காலம் ஆச்சு: எது தாங்குச்சு, எது தாங்கல

கனடாவுல டொரன்டோ பக்கத்துல இருக்கற பிராம்ப்டன்ல, எங்க வீட்டுப் பின்பக்கம் 2018 கோடைல கட்டின டெக், அதாவது வெளிய உக்கார்ற மர மேடை பத்திதான் இது. 12 அடிக்கு 16 அடி, தரையில இருந்து முக்கால் மீட்டர் உயரம், கிச்சன் கண்ணாடிக் கதவ இழுத்தா நேரா அதுல கால் வைக்கலாம். மரம் பிரஷர் ட்ரீட்டட், அதாவது செம்பு கலந்த மருந்த அழுத்தம் குடுத்து உள்ள ஏத்தின மரம், எங்க தெருவுல முக்காவாசி வீட்ல இதான். நானும் மச்சானும் சேந்து கட்டினோம், குழி தோண்ட மட்டும் ஆள் வெச்சோம். பாக்க வர்றவங்க எல்லாரும் கேக்கறது மேல என்ன பலகை, என்ன கலர்னுதான். மேல இருக்கற பலகைய எப்ப வேணா கழட்டி மாத்திக்கலாங்க, அடியில தண்ணி எங்க தங்குதுங்கறதுதான் டெக்கோட ஆயுச முடிவு பண்ணுது.

முதல்ல தூண். இங்க மண்ணு களிமண், தண்ணிய விடவே விடாது. குளிர்ல அந்த ஈரம் உறைஞ்சு வீங்கி மேல இருக்கறத தூக்கும், ஏப்ரல்ல இளகி கீழ விடும், அதுவும் ஒவ்வொரு தூணுக்கும் ஒவ்வொரு அளவு. அதனாலதான் டொரன்டோ சுத்துவட்டாரத்துல குழி 1.2 மீட்டர், அதாவது 4 அடி ஆழம் போகணும்னு சொல்றாங்க, அந்த மட்டத்துக்குக் கீழ மண்ணு உறையறதில்ல. அட்டைக் குழாய இறக்கி கான்கிரீட் ஊத்தி மேல இரும்பு சப்போர்ட் வெச்சு அதுலதான் தூண், மரம் எங்கயும் மண்ணத் தொடாது. ஏழு வருஷத்துல லெவல் வெச்சுப் பாத்தா குமிழி நடுவுலயே நிக்குது. பக்கத்து வீட்ல வெறும் சிமென்ட் பிளாக் மேல உக்கார வெச்சது, பாவம், வருஷா வருஷம் ஒரு மூல ஏறி ஒரு மூல இறங்கி அவங்க கேட்டே சரியா மூட மாட்டேங்குது.

தோண்டறதுக்கு முன்னாடி ஒன்டாரியோ ஒன் கால்ல, அதாவது மண்ணுக்கடியில ஓடற லைன் எங்க இருக்குன்னு காட்டிக் குடுக்கற சேவைல சொல்லியே ஆகணும், சட்டமே அப்படித்தான், வீட்டுக்காரங்களுக்கு ஃப்ரீ. ஆள் வந்து கேஸ் லைனுக்கு மஞ்சள், கரன்டுக்கு சிவப்பு, ஃபோன் கேபிளுக்கு ஆரஞ்சுன்னு புல்லு மேல பெயின்ட் அடிச்சுட்டுப் போவாங்க. எங்களுக்கு மஞ்சக் கோடு ஒரு குழிக்குப் பக்கத்துலயே ஓடுச்சு, வரைபடத்துல தூண நகத்தி வெச்சோம். 60 சென்டிமீட்டருக்கு மேல உயரம்னா கைப்பிடி வேலி கட்டாயம், பெர்மிட்டும் எடுத்தோம். கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர் வந்து குழி ஆழத்தப் பாப்பார், அதுவரைக்கும் குழிய பலகை போட்டு மூடி வைங்க, குழந்தைங்க இருக்கற வீடுன்னா முக்கியமா.

இன்னொன்னு, டெக்க வீட்டுச் சுவத்துல மாட்டல. வெளிய தெரியற செங்கல் அழகுக்கு நிக்கற ஒரு அடுக்குதான், வீட்டத் தாங்கறது அதுக்குப் பின்னாடி இருக்கற மரச் சட்டம். அந்த செங்கல்ல போல்ட் போட்டு டெக்கத் தொங்க விடவே கூடாது. ஒரு கான்ட்ராக்டர் எஸ்டிமேட் குடுக்க வந்தவர் “அதெல்லாம் நிக்கும் சார்”னார், காப்பி குடுத்து அனுப்பி வெச்சோம். சுவத்து ஓரமா தனியா ஒரு வரிசை தூண் போட்டு, டெக் தானா நிக்குது. சுவத்துக்கும் டெக்குக்கும் நடுவுல ஒரு இன்ச் சந்து, மழைத்தண்ணி அதுல இறங்கிப் போயிடும்.

மரத்தப் பத்தி கடைல யாரும் சொல்லாத விஷயம் ஒன்னு. கனடாவுல கிடைக்கறது பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், பைன் வகை, ஸ்ப்ரூஸ் மருந்த லேசுல உள்ள விடாது. மரம் மேல வரிசையா கத்திக் கீறல் மாதிரி இருக்கே, அது மருந்து இறங்கறதுக்காக மெஷின்ல போட்ட கீறல். அப்பவும் ஓரத்துலதான் ஏறும், நடுவுல மருந்தே ஏறாத வெறும் மரம்தான். அதனால நீங்க ரம்பம் வெச்சு அறுத்த ஒவ்வொரு முனையும் திறந்த வாய், தண்ணி அது வழியாதான் போகும். டப்பால விக்கற செம்பு மருந்து, பச்சையா நாத்தமா இருக்கும், அத ஒவ்வொரு வெட்டுலயும் ரெண்டு கை அடிக்கணும். மச்சான் மூக்கப் பொத்திக்கிட்டு முழுசா அடிச்சான், அந்த முனைங்க எல்லாம் இன்னைக்கும் கல்லு மாதிரி இருக்கு. ஆணி, ஸ்க்ரூவும் கண்டத போட முடியாது. 2003 கடைசி வரைக்கும் வீட்டு மரத்துல ஆர்சனிக் கலந்த மருந்து இருந்துச்சு, அத நிறுத்தினதுக்கு அப்புறம் வந்ததுல செம்பு ஜாஸ்தி, செம்பு சாதா துத்தநாகப் பூச்சத் தின்னுடும். ஹாட் டிப் கால்வனைஸ்டு (உருகின துத்தநாகத்துல முக்கி எடுத்தது, பூச்சு தடிமனா இருக்கும்) இல்லன்னா ஸ்டெயின்லெஸ், ரெண்டுல ஒன்னு.

ஜாயிஸ்ட், அதாவது பலகையத் தாங்கற அடிச்சட்டம், எல்லாம் 2×8 இன்ச் மரம், 16 இன்ச்சுக்கு ஒன்னு. அதோட மேல் விளிம்புல கருப்பு பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி ஒட்டற டேப்) ஒட்டினோம், ஸ்க்ரூ ஓட்ட வழியா தண்ணி இறங்காம இருக்க. போன கோடைல ரெண்டு பலகைய கழட்டிப் பாத்தேன், டேப்புக்கு அடியில மரம் புதுசு மாதிரியே இருந்துச்சு. மொத்தச் செலவுல இது சில்லறைக் காசு, இதவிட உருப்படியான செலவு இந்த டெக்ல வேற இல்லன்னுதான் சொல்வேன்.

இப்ப ஸ்டெயின், அதாவது மரத்துக்கு அடிக்கற சாயப்பூச்சுக் கதை. மாமனார் கும்பகோணத்துல இருந்து வந்திருந்தப்ப வெளுத்துப்போன பலகையப் பாத்துட்டு “மாப்ள, தேக்குல போட்டிருக்கலாமே நீங்க, இந்த மரத்த நம்ம ஊர்ல பந்தக்காலுக்குக்கூட நட மாட்டாங்களே”ன்னார். சாம்பல் நிறமாகறது உளுத்துப்போறது இல்ல மாமா, வெயில்ல இருக்கற அல்ட்ரா வயலட் மேல்தோல மட்டும் அரிக்குதுன்னு சொன்னேன், அவர் நம்பல. அந்த வெயிலத் தடுக்கறது ஸ்டெயின்ல இருக்கற நிறமிதான், அதனால நிறமே இல்லாத க்ளியர் சீலர் வாங்கறது வீண். அதுக்காக பெயின்ட் மாதிரி திக்கா மூடற சாலிட் ஸ்டெயினும் தரைக்கு வேண்டாம், நடக்கற இடத்துல தோல் உரியற மாதிரி உரியும், அப்புறம் சுரண்டியே முதுகு போயிடும். செமி ட்ரான்ஸ்பரன்ட், மரத்துக்குள்ள ஊறற வகை, அதான் சரி. அது உரியாது, மங்கும், மங்கினா கழுவிட்டு மேலயே அடிக்கலாம்.

எப்ப அடிக்கணும்? புது ட்ரீட்டட் மரம் ஈரத்தோட வரும், உடனே அடிச்சா குடிக்காது. தண்ணி ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, முத்து மாதிரி நின்னா காத்திருங்க, உறிஞ்சினா அடிங்க. நாங்க அடுத்த கோடைலதான் அடிச்சோம். அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை தரைக்கு மட்டும், வேலிக் கம்பியெல்லாம் நின்னுக்கிட்டு இருக்கறதால தண்ணி தங்காது, முதல்ல அடிச்சதே இன்னும் ஓடுது. தெற்குப் பக்கம் மட்டும் சீக்கிரம் போயிடுது. கழுவ ஆக்சிஜன் ப்ளீச் பவுடர், அப்புறம் ஆக்ஸாலிக் ஆசிட் கலந்த பிரைட்னர், சாதா குளோரின் ப்ளீச் வேண்டாம், மர நார பஞ்சாக்கிடும். பிரஷர் வாஷர கிட்டத்துல புடிச்சாலும் அதே கதிதான். எண்ணெய் ஸ்டெயின் துடைச்ச துணிய சுருட்டிக் குப்பைல போட்டுடாதீங்க, காயறப்பவே சூடாகி தானா தீப்புடிக்கும், விரிச்சுக் காயவெச்சுதான் தூக்கிப் போடணும்.

உபயோகம்னு பாத்தா மே கடைசில இருந்து அக்டோபர் வரைக்கும் காலைக் காப்பியே அங்கதான். ஜூலை வெயில்ல வடாம் போடறோம், ட்ரேல துணி விரிச்சுதான், மருந்து மரத்து மேல நேரா சாப்பாட்டுச் சாமான் வைக்க மாட்டோம். காவலுக்கு ஆள் உக்காரலேன்னா அணில் பாதிக்குப் பாதி வரி வசூல் பண்ணிடும். மீன் பொரிக்கற கேஸ் அடுப்ப டெக் மேல வைக்கறதில்ல, படிக்குக் கீழ கல்லு பாவின இடத்துலதான், கொதிக்கற எண்ணெயும் மரமும் சேரக்கூடாது, வீட்டுச் சுவத்துல வினைல் ப்ளாஸ்டிக் போர்த்தின பக்கமும் சூட்டுல நெளிஞ்சுடும். ஆனா தட்டு மேலதான வருது, சொட்டும். மஞ்சக் கறை வெயில்ல தானா மறையுது, எண்ணெய்க் கறை மட்டும் சோப்புக்கும் அசையாம அப்படியே உக்காந்திருக்கு.

பனி அள்ள ப்ளாஸ்டிக் ஷவல், பலகை ஓடற திசையில தள்ளணும், குறுக்க தள்ளினா விளிம்பு பேந்துடும். ராக் சால்ட் போட்டா ஸ்க்ரூவும் இரும்பு சப்போர்ட்டும் அரிக்கும், நாங்க மணல் தூவறோம். அடியில ஸ்கங்க் (நாத்தம் பீச்சற, பூனை அளவு பிராணி) குடியேறாம இருக்க கம்பி வலைய ஒரு அடி மண்ணுக்குள்ள இறக்கி வெளிப்பக்கமா மடிச்சுப் பொதைச்சோம், அதுக்கப்புறம் நாத்தம் இல்ல.

மேல் பலகைக்கு காம்போசிட், அதாவது மரத்தூளும் ப்ளாஸ்டிக்கும் கலந்து செஞ்ச பலகை, போட்டிருக்கலாமான்னு கேட்டா, ஸ்டெயின் வேலை பிடிக்காதவங்க தாராளமா போடுங்க, ஆனா அடிச்சட்டம் அங்கயும் இதே ட்ரீட்டட் மரம்தான், டார்க் கலர் எடுத்தா ஜூலை மத்தியானம் வெறுங்கால் வைக்க முடியாது. எனக்கு வருஷத்துக்கு ஒரு வார இறுதி போறதுல பிரச்சனை இல்ல, மரமே போதும். இந்த வருஷ வேலை படிக்கட்டுதான். அதோட சாய்வுச் சட்டம் கல்லு மேல உக்கார்ற இடத்துல ஸ்க்ரூ டிரைவர் அரை இன்ச் உள்ள போகுது, பனி குவிஞ்சு உருகற மூலை அது. ரெண்டு சட்டத்தையும் மாத்திட்டு, அடியில கான்கிரீட் பட்டை ஒன்னு உசத்திப் போடப் போறோம், மச்சான் செப்டம்பர்ல லீவு கேட்டிருக்கான்.