லகட்ஸுவாய் திறந்தவெளி அருங்காட்சியகம்: ஏறுவதற்கு ரோப்கார், இறங்குவதற்குச் சுரங்கம்

வட இத்தாலியின் டாலமைட் மலைகளில், கோர்ட்டினா நகருக்கு மேற்கே உள்ள ஃபல்சாரேகோ கணவாயில் நின்று அண்ணாந்து பார்த்தால், சின்ன லகட்ஸுவாய் சிகரத்தின் பாறைச்சுவரும் அதன் அடியில் விசிறிபோல் சரிந்து கிடக்கும் பெரும் கற்குவியலும் கண்ணில் படும். அந்தக் குவியல் இயற்கைச் சரிவன்று; 1917-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட மலையின் பகுதி. முதல் உலகப்போரில் இத்தாலியின் அல்பீனி மலைப்படையினரும் அவர்களை எதிர்த்து நின்ற ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையினரும் குடைந்த சுரங்கங்களையும் பதுங்குகுழிகளையும் சீரமைத்து, அந்த மலையையே அருங்காட்சியகமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. ரோப்காருக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும்.

அல்பீனிப் படையின் பின்னணியைச் சற்று அறிந்துகொண்டு போவது நல்லது. ஏனெனில் இந்த இடம் 1915 முதல் 1917 வரையிலான காலத்தைத் தாண்டிப் பேசுவதில்லை. ஆல்ப்ஸ் கணவாய்களைக் காக்கச் சமவெளியிலிருந்து படை வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது, அந்தந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களையே படையாகத் திரட்டி அங்கேயே நிறுத்த வேண்டும் என்று ஜூசெப்பே பெருக்கெட்டி என்ற கேப்டன் வாதிட்டார். அதை ஏற்று 1872 அக்டோபர் 15 அன்று பிறந்த அரசாணையால் 15 கம்பெனிகளுடன் அல்பீனி உருவானது. இன்றும் பணியிலிருக்கும் மலைப்படைகளில் மிகப் பழையது அதுவே. பக்கத்து நாடான பிரான்ஸ் 1888-இல் தனக்கென ஆல்ப்ஸ் படையை அமைத்துக்கொண்டது. எல்லைக் கணவாய்களுக்காகப் பிறந்த அல்பீனியின் முதல் பெரும்போர் 1896-இல் எத்தியோப்பியாவின் அட்வாவில் நடந்தது என்பது அரசியலின் விளையாட்டு.

லகட்ஸுவாயிலும் அந்த மூலக்கொள்கை வளைந்து போயிருப்பதைக் காணலாம். 1915 அக்டோபரில் மேஜர் எத்தோரே மார்ட்டினியின் தலைமையில் பாறைச்சுவரின் நடுவிலுள்ள விளிம்பைப் பிடித்தவர்கள் வால் கிசோனே பட்டாலியனைச் சேர்ந்த அல்பீனிகள். வால் கிசோனே என்பது பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பீட்மாண்ட் மாநிலத்துப் பள்ளத்தாக்கு. சொந்த ஊர் மலையைக் காக்கத் திரட்டப்பட்டவர்கள் ஆல்ப்ஸின் மறுமுனையில், அதுவரை ஆஸ்திரியாவுக்கு உரியதாக இருந்த மண்ணில், இரண்டாண்டுகள் பாறையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். உச்சியில் ஆஸ்திரியர், இடையிலிருந்த விளிம்பில் இத்தாலியர். துப்பாக்கியால் ஒருவரையொருவர் அகற்ற முடியாமல் போகவே, இருதரப்பும் மலையின் வயிற்றுக்குள் சுரங்கம் வெட்டி வெடிமருந்தை நிரப்பினார்கள். 1917 மே 22 அன்று ஆஸ்திரியர் சுமார் 30 டன் வெடிமருந்தை வெடித்தார்கள்; ஜூன் 20 அன்று இத்தாலியர் சுமார் 33 டன்னை வெடித்தார்கள். மலையின் உருவம் மாறியது. நிலைமை பெரிதாக மாறவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் வேறொரு முனையில், கப்போரெட்டோவில், இத்தாலியப் படை தோற்றதால்தான் அல்பீனிகள் இந்த விளிம்பைக் கைவிட்டார்கள்.

ரோப்கார் 2,105 மீட்டர் உயரக் கணவாயிலிருந்து சில நிமிடங்களில் சுமார் 2,750 மீட்டருக்கு ஏற்றிவிடுகிறது. மேலேயுள்ள விடுதியின் முற்றத்திலிருந்து தொஃபானா, மர்மொலாதா உள்ளிட்ட சிகரங்கள் தெரிகின்றன. பெரும்பாலோர் அங்கே காப்பி குடித்துவிட்டு, படமெடுத்துக்கொண்டு அதே ரோப்காரில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்பவர்கள் பார்க்க வந்ததைப் பார்க்காமலே போகிறார்கள் என்பதே என் கருத்து. இத்தாலியர் வெட்டிய, ஏறத்தாழ 1,100 மீட்டர் நீளமுள்ள வெடிச்சுரங்கத்தின் வழியாக இறங்கி வருவதுதான் இந்த அருங்காட்சியகத்தின் உயிர்.

சுரங்கத்தில் கால் வைத்த கணமே கோடைவெயில் அறுந்து குளிர் பிடித்துக்கொள்கிறது. படிகள் செங்குத்தானவை, ஒழுங்கற்றவை, சுவர்க்கசிவால் ஈரமானவை. பக்கவாட்டில் கட்டியிருக்கும் இரும்புக்கம்பி வடத்தைப் பிடித்தபடியே இறங்க வேண்டும். சில இடங்களில் முதுகை வளைக்காமல் நகர முடியாது. துளைக்கருவி பாய்ந்த தடங்கள் பாறையில் இன்னும் கோடுகோடாக இருக்கின்றன. இடையிடையே பீரங்கிக்காகவும் கண்காணிப்புக்காகவும் வெளிப்பக்கம் திறந்த சன்னல்கள் வரும். அவற்றின் வழியாகக் கீழே சாலையில் போகும் வண்டிகள் தீப்பெட்டி அளவில் தெரியும். மரப்பலகைப் படுக்கைகளுடன் மீண்டும் அமைத்திருக்கும் அறைகளில் ஒரு நிமிடம் நின்றால், மலைப்படை வாழ்க்கையில் சிகரமேறும் சாகசம் எவ்வளவு குறைவு, மரத்தையும் தண்ணீரையும் தோட்டாவையும் மேலே சுமந்து சேர்க்கும் உழைப்பு எவ்வளவு மிகுதி என்பது புரியும். குளிர்காலத்தில் எதிரியைவிடப் பனியே அதிகம் அஞ்சத்தக்கதாக இருந்தது. 1916 டிசம்பர் 13 அன்று மர்மொலாதாவில் ஒரே பனிச்சரிவு ஆஸ்திரிய முகாமில் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் புதைத்தது.

இரு தரப்பையும் சமமாக நடத்தியிருப்பது இந்த இடத்தின் பெரிய சிறப்பு. ஆஸ்திரியரின் குழிகளும் இத்தாலியரின் சுரங்கமும் ஒரே அக்கறையுடன் சீரமைக்கப்பட்டிருக்கின்றன. வெற்றி முழக்கமோ வீரவணக்கக் கூச்சலோ இல்லை.

செல்ல எண்ணுபவர்கள் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதற்கு முன் சுரங்கத்துக்குள் பனியும் உறைபனியும் தங்கியிருக்கக்கூடும். தலைக்கவசமும் நெற்றி விளக்கும் கட்டாயம் வேண்டும். கைப்பேசி வெளிச்சத்தை நம்பி இறங்கினால் கம்பியைப் பிடிக்கக் கை மிஞ்சாது. பிடிப்புள்ள மலைக்காலணியும், கோடையிலும் ஒரு கம்பளிச் சட்டையும் தேவை. நிதானமாக இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மூட்டுவலி உள்ளவர்களுக்கும், அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுபவர்களுக்கும், கைக்குழந்தையுடன் வருபவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நேரம் மிஞ்சினால், அருகிலுள்ள வால்பரோலா கணவாயில் 1915 ஜூலையில் குண்டுவீச்சில் சிதைந்த திரே சாஸ்ஸி கோட்டையையும் பார்க்கலாம். அங்கே படைக்கருவிகளும் அன்றாடப் பொருள்களும் காட்சிக்கு உள்ளன. அல்பீனியின் முழு வரலாறும் வேண்டுமென்றால் திரெந்தோ நகரின் தோஸ் திரெந்தோ குன்றிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். முடிந்தால் லகட்ஸுவாய்க்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.