செம்புக் கம்பியா, கண்ணாடி இழையா? சுங்கை சிப்புட்டில் 10 கிகாபிட்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் கடைவரிசையில் மாடியில் இயங்கும் ஒரு திருமண வீடியோ ஸ்டூடியோ. ஊருக்கு வெளியே, எடைமேடைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே 250 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு செம்பனை ஆலை. இரண்டு இடத்துக்கும் சர்வரில் வேகமான நெட்வொர்க் கார்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் முதலில் கார்டின் பெயரைத்தான் கேட்பார்கள். நான் முதலில் தூரத்தைக் கேட்பேன். கார்டை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். மண்ணுக்குள் இழுத்த கேபிள் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும்.

அதற்கு முன், 10 கிகாபிட் உண்மையிலேயே தேவையா? ஒரு கிகாபிட் இணைப்பில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் போகும். சர்வரில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் சுழல்கிறது என்றால் அதுவே 200 மெகாபைட்டை ஒட்டித்தான் தரும். அங்கே 10 கிகாபிட் கார்டு வெறும் அலங்காரம். 2016-இல் தரப்படுத்தப்பட்ட 2.5 கிகாபிட், சுவரில் ஏற்கெனவே இருக்கும் கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் ஓடும். பல சிறிய அலுவலகங்கள் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நமது ஸ்டூடியோவின் நிலைமை வேறு: எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான சேமிப்பகம்) நிறைந்த சர்வரிலிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் எடிட் செய்கிறார்கள்.

10 கிகாபிட்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழகிய ஆர்ஜே 45 முனை. கேட் 6 கேபிளில் 55 மீட்டர், கேட் 6ஏ-யில் 100 மீட்டர். ஊரில் யாரும் முனை அடித்துத் தருவார்கள். குறை, சூடு. பல கார்டுகளில் எஸ்எஃப்பி பிளஸ் என்ற துளை இருக்கும்; கேபிளுக்கு ஏற்ற சிறு இணைப்புப் பெட்டியை, அதாவது மாட்யூலை, அதில் செருகலாம். அதில் செருகும் ஆர்ஜே 45 மாட்யூல் இரண்டு, மூன்று வாட் இழுக்கும், தொட்டால் சுடும். குறுந்தூர ஒளி மாட்யூலுக்கு ஒரு வாட் அளவு போதும். குளிர்சாதனம் இல்லாத கடைவீட்டு மாடியில், பேராக் வெயிலில், இது சின்ன விஷயமல்ல.

மற்றது, அந்த எஸ்எஃப்பி பிளஸ் துளையையே நேரடியாகப் பயன்படுத்துவது. சர்வரும், கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சும் ஒரே அலமாரியில் இருந்தால், இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் டிஏசி செம்புக் கேபிள் மூன்று மீட்டர் போதும். மலிவு, மின்சாரமும் மிகக் குறைவு. ஸ்டூடியோவின் சர்வருக்கு இதையே சொல்வேன். எடிட்டிங் மேசைகளுக்குச் சுவரில் கேட் 6ஏ ஏற்கெனவே இருந்தால் மட்டும் ஆர்ஜே 45.

பழைய பொருள் சந்தையில் இன்டெல் எக்ஸ்520 கார்டு நிறையக் கிடைக்கிறது. மாட்யூல் விஷயத்தில் அது பிடிவாதக்காரன். தனக்குத் தெரியாத மாட்யூலை ஏற்க மறுக்கும். லினக்ஸ் டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருள்) அந்தச் சோதனையைத் தளர்த்த வழி உண்டு. போலிகளும் உலவுகின்றன. மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 அவ்வளவு முரண்டு பிடிக்காது. ஆனால் 2020-இல் என்விடியா வசம் போன அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர் தொகுப்புகள் அதைக் கைவிட்டுவிட்டன, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள டிரைவரே துணை. கொஞ்சம் கூடுதல் ரிங்கிட் கொடுக்க முடிந்தால் கனெக்ட்எக்ஸ்-4 எல்எக்ஸ் வாங்குவேன்: 25 கிகாபிட் கார்டு, இன்று 10-இலும் ஓடும். எதை வாங்கினாலும் சாதாரண கணினிப் பெட்டிக்குள் வைத்தால் சிறு விசிறி ஒன்றைப் பொருத்துங்கள். இவை சர்வரின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை.

ஆலைக்கு வருவோம். 250 மீட்டருக்குச் செம்பு எட்டாது. எட்டினாலும் இழுக்கச் சொல்ல மாட்டேன். மாலை இடிமழை வழக்கமான ஊரில், இரண்டு கட்டடங்களை இணைக்கும் செம்புக் கம்பி மின்னலுக்கு நாமே போட்டுக்கொடுத்த பாதை, சுவிட்ச் கருகிப்போகும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உறையில் உலோகக் கவசமோ தாங்கு கம்பியோ இல்லாத கேபிளாகப் பார்த்து வாங்க வேண்டும். இருந்தால் அதை முறைப்படி நிலத்தில் இணைக்க வேண்டும்.

கண்ணாடி இழையில், அதாவது ஃபைபரில், மல்டிமோடு, சிங்கிள்மோடு என்று இரண்டு வகை. எது வேண்டும்? மல்டிமோடின் ஒளிபாயும் உட்கரு 50 மைக்ரான்; சிங்கிள்மோடுக்குச் சுமார் 9. உட்கருவைச் சுற்றிய கண்ணாடியோடு சேர்த்தால் இரண்டுமே 125 மைக்ரான்தான், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது; உட்புறக் கேபிள் என்றால் மேலுறை நிறம் சொல்லும், சிங்கிள்மோடு மஞ்சள், மல்டிமோடில் ஒரு தரமான ஓஎம்3 கடல்நீலப் பச்சை. 10 கிகாபிட் எஸ்ஆர் (குறுந்தூர) மாட்யூல் 850 நானோமீட்டர் ஒளியில் ஓஎம்3-இல் 300 மீட்டர் போகும். ஆலைக்கு இன்று அது போதும். 25 கிகாபிட்டுக்கு மாறும் நாளில் அதே ஓஎம்3 கேபிள் 70 மீட்டரோடு நின்றுவிடும். தோண்டிய மண்ணை மறுபடி தோண்ட வேண்டும். சிங்கிள்மோடில் 1310 நானோமீட்டர் எல்ஆர் (நெடுந்தூர) மாட்யூல், வேகத்துக்கு ஏற்ப மாட்யூலை மாற்றினால், இரண்டு வேகத்திலும் 10 கிலோமீட்டர் தாங்கும். மாட்யூல் சற்று விலை அதிகம், சிங்கிள்மோடு கேபிள் பெரும்பாலும் விலை குறைவு. எனக்கு இதில் தயக்கமே இல்லை: சிங்கிள்மோடு, குழாய்க்குள் போட்டு, இரண்டு இழை போதும் என்றாலும் ஆறு இழையாக.

முனை இணைப்பை வீட்டு இணைய வேலை செய்பவர்களிடம் விடலாம், அவர்களிடம் உருக்கி ஒட்டும் இயந்திரம் இருக்கும். வீட்டு இணையத்தின் பச்சை முனை சாய்வாகத் தீட்டப்பட்டது. நமக்கு வேண்டியது மாட்யூலில் செருகும் சிறிய வகையான, நீல நிறத் தட்டை எல்சி முனை, இதை முன்பே சொல்லிவிடுங்கள். கொதிகலன் சாம்பல் பறக்கும் இடத்தில் முனையைத் துடைக்காமல் செருகக் கூடாது. வெளிச்சம் வருகிறதா என்று இழைக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடும். கூடுதலாக ஒரு ஜோடி எல்ஆர் மாட்யூல் வாங்கி எடைமேடை அறையின் மேசை இழுப்பறையில் போட்டுவையுங்கள். பழக்குலை லோரிகள் வரிசைகட்டி நிற்கும்போது மாட்யூல் தேடி ஈப்போவுக்கு ஓட முடியாது.