காலுக்கு இறங்கும் வலி: ஊசியா, ஆபரேஷனா?

இடுப்பில் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால், வலி பிட்டத்தில் தொடங்கி மின்சாரம் பாய்ந்ததுபோல் பாதம் வரை இறங்கும். மாத்திரை, பிசியோதெரபி என்று பல வாரம் பார்த்தும் குறையவில்லையா? பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் முன்னால் நிற்கும்.

எபிடியூரல் ஊசியில், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி நரம்பு வேருக்கு அருகில் ஸ்டீராய்டு செலுத்துவார்கள். பொதுவாக அன்றே வீடு திரும்பலாம். ஆனால் அது நரம்பின் அழற்சியைத்தான் தணிக்கும், பிதுங்கலை எடுக்காது. பலன் சில வாரங்களோ சில மாதங்களோதான். இருந்தாலும் அதற்குள் பிதுங்கல் தானாகவே சுருங்குவது உண்டு என்பதால், அந்த அவகாசமே பெரிய உதவி. சர்க்கரை நோய் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், சில நாள் சர்க்கரை ஏறும்.

மைக்ரோடிஸ்கெக்டமி என்ற ஆபரேஷன், நரம்பை அழுத்தும் டிஸ்க் துண்டையே அகற்றுகிறது. மயக்க மருந்து, தையல், ஓய்வு எல்லாம் கூடவே வரும்.

பிரிட்டனில் 163 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வெளியானது. 18 வாரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிகிச்சையால் வந்த கடுமையான பாதிப்புகள் 4, நான்கும் ஆபரேஷன் பக்கம். அதனால் முதலில் ஊசி என்பதே என் கருத்து. ஆனால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ ஊசிக்குக் காத்திருக்காதீர்கள்; அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.